அட்டை கேக்கும் 66 கூப்பனும்

கல்யாண விருந்து நடக்கும் ஒரு ஹால். நடு மேஜையில் மூன்றடுக்கு கேக். வெள்ளை வெளேரென்று நிற்கிறது. தூண் என்ன, பூ வேலைப்பாடு என்ன! பார்க்கிறவர்கள் வாயைப் பிளக்கிறார்கள். போட்டோகிராபர் ஒரே ஒரு படம் எடுத்து முடித்ததும் யாரோ வந்து அந்தக் கேக்கை அப்படியே அலாக்காக மேலே தூக்குகிறார்கள். அடியில், உள்ளங்கை அகலத்துக்குப் பழுப்பு நிறத்தில் ஒரு குட்டிக் கேக். அதுதான் நிஜம். மேலே தூக்கியது வெறும் அட்டை. பேக்கரியில் வாடகைக்கு எடுத்து வந்தது. நாளைக்கு வேறொரு கல்யாணத்துக்குப் போயாக வேண்டும்.

ஏதோ கஞ்சத்தனமான ஒரு குடும்பத்தின் கதை என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டாம் உலகப் போர் சமயத்தில் இங்கிலாந்தில் ஊர் ஊராக நடந்த கூத்து இது. உலகத்தில் கால்வாசியைக் கட்டி ஆண்ட தேசம், தன் வீட்டுப் பெண்ணுக்கு ஒரு முழுக் கேக் வெட்ட வழியில்லாமல் அட்டையைத் தேடிக்கொண்டு அலைந்தது!

வீட்டில் கல்யாணம் பேசிக்கொண்டிருக்கிறீர்களா? மண்டபம், சாப்பாடு, நகை, புடவை என்று பேப்பரில் எழுதி, கூட்டிப் பார்த்து, தலை சுற்றி உட்கார்ந்திருக்கிறீர்களா? அப்படியானால் இந்த வாரம் கொஞ்ச நேரம் என்னோடு லண்டன் வரைக்கும் வந்துவிட்டுப் போங்கள். கைக்கு அடக்கமாகக் கல்யாணம் செய்வது எப்படி என்று ஒரு தேசமே சேர்ந்து பாடம் படித்த காலம் அது.

சர்க்கரைக்குத் தடை

இங்கிலாந்து ஒரு தீவு. சாப்பாட்டுப் பொருட்களில் பெரும்பகுதி கப்பலில்தான் வந்து இறங்க வேண்டும். ஜெர்மானிய நீர்மூழ்கிகள் அந்தக் கப்பல்களைத் தேடித் தேடி மூழ்கடித்தன. 1940 ஜனவரி 8-ம் தேதி பன்றி இறைச்சி, வெண்ணெய், சர்க்கரை மூன்றும் ரேஷனுக்கு வந்தன. அடுத்தடுத்த மாதங்களில் மற்ற இறைச்சி, டீ என்று பட்டியல் நீண்டது. அதே வருடம் ஆகஸ்டில் இன்னொரு உத்தரவு: கேக்கின் மேல் சர்க்கரைப் பூச்சு பூசக் கூடாது!

நமக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம். ஆனால், வெள்ளைப் பூச்சு இல்லாத கல்யாணக் கேக் அவர்களுக்கு, தாம்பூலமே இல்லாத நிச்சயதார்த்தம் மாதிரி. அதனால்தான் அட்டை கேக் அவதாரம் எடுத்தது.

மணமக்கள் மீது அரிசி தூவுவது அங்கேயும் உள்ள வழக்கம்தான். 1940-ல் உணவை வீணாக்குவதே சட்டப்படி குற்றம் என்று ஆனது. யாருக்கு அரிசியைத் தூவ மனசு வரும்? 1942-ல் ஹோட்டல் சாப்பாட்டுக்கும் கடிவாளம் போட்டார்கள். ஒரு ஆளின் சாப்பாட்டுக்கு ஐந்து ஷில்லிங்குக்கு மேல் பில் போடக் கூடாது. எவ்வளவு பெரிய ஹோட்டலாக இருந்தாலும் மூன்று சுற்றுக்கு மேல் பரிமாறக் கூடாது.

சரி, இத்தனை கெடுபிடியில் ஜனங்கள் கல்யாணத்தையே தள்ளிப்போட்டிருப்பார்கள் என்றுதானே நினைக்கிறீர்கள்? நேர் எதிர்! 1940-ல் இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளில் மட்டும் 4,70,000-க்கும் மேல் கல்யாணங்கள் நடந்தன. அந்த நாடு அதற்கு முன்பும் ஒரே வருடத்தில் அவ்வளவு கல்யாணம் பார்த்ததில்லை. அதற்குப் பிறகு இன்றுவரையும் பார்க்கவில்லை.

காரணம் லேசாக ஊகிக்கக் கூடியதுதான். பையனுக்கு 48 மணி நேரம் லீவு. அடுத்த வாரம் எந்தக் கப்பலில், எந்த நாட்டுக்கு என்று அவனுக்கே தெரியாது. திரும்பி வருவானா என்பது யாருக்குமே தெரியாது. 'கையில் காசு சேரட்டும், அப்புறம் பார்க்கலாம்' என்று சொல்ல அங்கே யாரிடமும் அவகாசம் இல்லை. கல்யாணம் வேண்டும் என்பது முடிவாகிவிட்டது. எதை விடலாம் என்பது மட்டும்தான் கேள்வி.

பாதி வருஷத்தைத் தின்ற ஒரு கோட்டு

அடுத்த அடி 1941 ஜூன் 1-ம் தேதி விழுந்தது. அன்று ஞாயிற்றுக்கிழமை. வர்த்தக வாரியத்தின் தலைவர் ஆலிவர் லிட்டெல்டன் ரேடியோவில் வந்தார். இன்று முதல் துணிமணிக்கும் ரேஷன் என்றார். விஷயத்தை எவ்வளவு ரகசியமாக வைத்திருந்தார்கள் தெரியுமா? கூப்பன் புத்தகம் அச்சடித்தால் கசிந்துவிடும், கடைகள் காலியாகிவிடும் என்று பயந்து, ஏற்கெனவே மக்கள் கையில் இருந்த உணவு ரேஷன் புத்தகத்தில் மார்ஜரினுக்கு ஒதுக்கியிருந்த கூப்பன்களையே துணிக்கும் பயன்படுத்தச் சொல்லிவிட்டார்கள்.

ஒரு ஆளுக்கு ஒரு வருஷத்துக்கு 66 கூப்பன். காசு தனியாகக் கொடுக்க வேண்டும்; கூடவே கூப்பனையும் வெட்டிக் கொடுக்க வேண்டும். காசு இருந்து கூப்பன் இல்லையென்றால் கடைக்காரர் கையை விரித்துவிடுவார்.

இப்போது ஒரு மாப்பிள்ளையின் கணக்கைப் பாருங்கள். கோட், வெயிஸ்ட்கோட், பேன்ட் மூன்றும் சேர்ந்த ஒரு சூட்டுக்கு 26 கூப்பன். ஒரு ஜோடி ஷூ 7. மொத்தம் 33. அதாவது, ஒரு நாள் கூத்துக்கு வருஷத்தில் சரிபாதி காலி! பெண்ணுக்கு? கம்பளித் துணியில் ஒரு கவுன் 11, ஷூ 5, ஸ்டாக்கிங்ஸ் 2. ஆக 18. இன்னும் உள்ளாடை வாங்கவில்லை, குளிருக்கு ஓவர்கோட் வாங்கவில்லை. அடுத்த வருடம் அரசாங்கம் அந்த 66-ஐயும் குறைத்துவிட்டது.

பி.காம். படித்தவர்களுக்கு இந்த இடத்தில் ஒரு பழைய பாடம் ஞாபகத்துக்கு வரும். 'வாய்ப்புச் செலவு' என்பார்கள். ஒரு பொருளின் உண்மையான விலை அதன் மேல் ஒட்டியிருக்கும் சீட்டில் இல்லை. அதை வாங்கியதால் எதை வாங்க முடியாமல் போனதோ, அதுதான் விலை. ரூபாயில் கணக்குப் போடும்போது இது நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஏனென்றால், ரூபாயை நீட்டிக்கொள்ளலாம். பி.எஃப்.பில் எடுக்கலாம், நகையை அடகு வைக்கலாம், பெர்சனல் லோன் போடலாம். கூப்பனை நீட்ட முடியாது. 66 என்றால் 66. வெள்ளை கவுன் எடுத்தால் குளிர்கால ஓவர்கோட் கிடையாது, அவ்வளவுதான். விடை கண்ணெதிரே நிற்கும்.

அப்படி நின்றபோது அந்தப் பெண்கள் என்ன செய்தார்கள்?

நிறையப் பேர் ஒரு நாள் மட்டுமே உடுத்தக்கூடிய நீள வெள்ளை கவுனை விட்டுவிட்டு, நல்லதாக ஒரு கோட்டும் ஸ்கர்ட்டும் தைத்துக்கொண்டார்கள். சர்ச்சுக்கும் ஆச்சு, அடுத்த ஐந்து வருடம் ஆபீசுக்கும் ஆச்சு. வெள்ளை கவுன்தான் வேண்டும் என்றவர்கள் அம்மாவின் பழைய கவுனைப் பிரித்துத் தைத்தார்கள். ஜன்னல் திரைத்துணியைக்கூட விட்டுவைக்கவில்லை. போர் முடிந்த பிறகு பாராசூட் பட்டுக்கு ஏகக் கிராக்கி! ராணுவத்தில் இருந்த மாப்பிள்ளைகளுக்கு இன்னும் சுலபம். யூனிஃபார்மை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்து நின்றுவிட்டார்கள். கூப்பன் செலவு: பூஜ்யம்.

பார்பரா கார்ட்லண்ட் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 700-க்கும் மேல் நாவல் எழுதிக் குவித்த அம்மணி. போர்க்காலத்தில் பெட்ஃபோர்ட்ஷயர் பகுதியில் ராணுவப் பெண்களின் நலனைக் கவனிக்கும் பொறுப்பு இவருக்கு. காக்கி உடுப்பிலேயே கல்யாணம் செய்துகொள்ள அந்தப் பெண்களுக்கு மனசே இல்லை என்பதைக் கவனித்தார். ஏற்கெனவே ஒருமுறை உடுத்திய கல்யாண கவுன்களை விலைக்கு வாங்கினார். பழைய துணிக்குக் கூப்பன் தேவையில்லையே! ராணுவ அலுவலகத்தைப் பேசிச் சம்மதிக்க வைத்து, அவற்றை ஒரு பொதுச் சொத்தாக ஆக்கினார். ஒரே கவுன், அடுத்தடுத்துப் பல மணப்பெண்கள். நேற்று ஒருத்தி, நாளை இன்னொருத்தி. 'இது அவ கட்டினதாச்சே' என்று முகம் சுளிக்க ஆள் இல்லை.

மோதிரம்? அதையும் விடவில்லை, தரத்தைக் குறைத்துக்கொண்டார்கள். போர்க்கால விதிப்படி புதிதாகச் செய்யும் கல்யாண மோதிரம் 9 காரட்தான். 24 பங்கில் 9 பங்கு தங்கம். நம் ஊர் ஆசாரியிடம் காட்டினால் அதைத் தங்கம் என்றே ஒப்புக்கொள்ள மாட்டார். ஆனால், அந்த மோதிரத்தைக் கடைசிவரை விரலில் இருந்து கழற்றாத பாட்டிகள் அங்கே எத்தனையோ பேர்.

கேக்கையும் விடவில்லை என்பதைக் கவனியுங்கள். சின்னதாக ஆக்கினார்கள், அவ்வளவுதான். அதற்கும் அக்கம்பக்கத்தில் ஒரு வீட்டில் கொஞ்சம் உலர்ந்த திராட்சை, இன்னொரு வீட்டில் அரைக் கோப்பை சர்க்கரை, அத்தை வீட்டில் இருந்து இரண்டு முட்டை என்று சேர்ந்தது. தங்கள் ரேஷனில் வாயைக் கட்டி மிச்சம் பிடித்துக் கொடுத்த மொய்!

கல்யாணத்துக்குக் கிடையாது, குடித்தனத்துக்கு உண்டு!

இந்தக் கதையில் என்னை ரொம்ப யோசிக்க வைத்தது அரசாங்கம் செய்த ஒரு காரியம்.

நாட்டில் மரத்துக்குக் கடும் பஞ்சம். மேஜை, நாற்காலி, கட்டிலை இஷ்டத்துக்குச் செய்யவோ விற்கவோ முடியாது. 'யுட்டிலிட்டி' என்ற பெயரில் எளிமையான, உறுதியான சில மாடல்களை மட்டும் அரசே தீர்மானித்தது. 1943-ல் அவை விற்பனைக்கு வந்தன. யாருக்கு? பெர்மிட் வைத்திருப்பவர்களுக்கு மட்டும். பெர்மிட் யாருக்கு? முக்கியமாக இரண்டே சாதிக்கு. குண்டுவீச்சில் வீட்டை இழந்தவர்கள் ஒன்று. புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள் இன்னொன்று.

கேக்கின் மேல் பூச சர்க்கரை தர மாட்டேன் என்று கையைக் கட்டிக்கொண்ட அதே அரசாங்கம், அந்தத் தம்பதி படுக்கக் கட்டிலும், உட்கார நாற்காலியும், துணி வைக்க அலமாரியும் கொடுக்க முன்வந்தது. கல்யாண நாள் உன் பாடு. மறுநாள் காலையில் இருந்து என் பாடு.

முன்னுரிமை என்றால் இதுதான்! இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லிவிட முடியாது.

நம் பட்டியலை எடுத்துப் பாருங்கள். மண்டப அலங்காரத்துக்கு ஒரு தொகை இருக்கும். இரண்டாவது வீடியோ கேமராவுக்கு ஒரு தொகை இருக்கும். குடித்தனம் போகிற வீட்டின் அட்வான்ஸ், கேஸ் கனெக்‌ஷன், முதல் மூன்று மாதச் செலவு... இதெல்லாம் எந்தப் பக்கத்தில் இருக்கிறது? பெரும்பாலும் பட்டியலிலேயே இருக்காது. 'அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்.' அந்த 'அப்புறம்' வரும்போது கையில் என்ன இருக்கும் என்பது லோன் எடுத்தவர்களுக்குத் தெரியும்.

அரண்மனையிலும் கூப்பன்

போர் 1945-ல் முடிந்தது. பஞ்சம் முடியவில்லை. போரின்போதுகூட ரேஷனுக்கு வராத ரொட்டி, 1946-ல் ரேஷனுக்கு வந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த நிலையில்தான் 1947-ல் இளவரசி எலிசபெத்துக்குக் கல்யாணம் நிச்சயமானது.

இளவரசியாக இருந்தாலும் கவுனுக்குக் கூப்பன் கொடுத்தாக வேண்டும்! அரசு கூடுதலாக 200 கூப்பன் ஒதுக்கியது. நாடு முழுவதும் இருந்து சாதாரணப் பெண்கள் தங்கள் கூப்பன்களைத் தபாலில் அனுப்பிவைத்தார்கள். அரண்மனை அவற்றைத் திருப்பி அனுப்பியது. ஒருவர் கூப்பனை இன்னொருவர் பயன்படுத்துவது சட்ட விரோதம்.

அதற்காக அது எளிமையான கல்யாணம் என்று நான் கதை விடப் போவதில்லை. நார்மன் ஹார்ட்னெல் வடிவமைத்த அந்த கவுனில் 10,000 முத்துகள். அமெரிக்காவில் இருந்து வந்தவை. நான்கு அடுக்கு கேக் ஒன்பது அடி உயரம். அதற்கான பொருட்களில் பல வெளிநாடுகளில் இருந்து பரிசாக வந்தன. ஆஸ்திரேலியாவின் சாரணியர் பெண்களும் அனுப்பியிருந்தார்கள். தொழிலாளர் கட்சி எம்.பி.க்கள் சிலர் 'இந்தச் சமயத்தில் இவ்வளவு செலவா?' என்று முணுமுணுக்கவும் செய்தார்கள்.

ஆனாலும், ஒரு கணக்கை மட்டும் பாருங்கள். 1947 நவம்பர் 20-ம் தேதி வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் நடந்த திருமணத்துக்கு அழைக்கப்பட்டவர்கள் சுமார் 2,000 பேர். அதன் பிறகு அரண்மனையில் விருந்து சாப்பிட்டவர்கள்? சுமார் 150 பேர்! பரிமாறிய முக்கிய அயிட்டம் கவுதாரி. வேட்டைப் பறவைக்கு ரேஷன் கிடையாது. ஆசீர்வாதம் பண்ணுகிற கூட்டம் வேறு, பந்தியில் உட்காருகிற கூட்டம் வேறு என்று பிரித்துவிட்டார்கள். நம் ஊரில் இதைச் சொன்னால் பந்தி முடிவதற்குள் பஞ்சாயத்து வந்துவிடும். இருந்தாலும் யோசிக்க வேண்டிய விஷயம்.

அந்தக் கல்யாணத்துக்கு வந்து குவிந்த பரிசுகள் 2,500-க்கும் மேல். அவற்றில் ஒன்று, டெல்லியில் இருந்து போனது. காந்திஜி தன் கையால் நூற்ற நூலில் பின்னிய ஒரு துணி. அதைப் பார்த்த மணப்பெண்ணின் பாட்டி ராணி மேரி, காந்தியின் இடுப்புத் துணி என்று தப்பாக நினைத்து முகம் சுளித்தாராம். அத்தனை வைரத்துக்கும் வெள்ளிப் பாத்திரத்துக்கும் நடுவே, கடையில் விலை கொடுத்து வாங்க முடியாத பொருள் அது ஒன்றுதான் என்று பாட்டிக்குத் தோன்றவில்லை.

நாலு பேர் எங்கே போனார்கள்?

ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. அமைதிக் காலத்தில் கடன் வாங்கியாவது கெத்து காட்டுகிற மனிதர்கள், அந்தப் பத்து வருடம் மட்டும் எப்படிக் கூச்சமில்லாமல் அட்டை கேக்கைக் காட்டி போட்டோ எடுத்துக்கொண்டார்கள்? திடீரென்று எல்லோரும் ஞானி ஆகிவிட்டார்களா?

இல்லவே இல்லை. கள்ள மார்க்கெட் கொடிகட்டிப் பறந்தது. கூப்பனுக்கே போலி வந்தது. பீரோ நிறையப் பழைய துணி வைத்திருந்த பணக்காரிக்கும், மாற்று உடை இல்லாத ஏழைப் பெண்ணுக்கும் அதே 66 கூப்பன் என்பது எந்த ஊர் நியாயம் என்று கேட்டவர்களும் உண்டு. மனிதர்கள் மாறவில்லை. மாறியது ஒன்றே ஒன்றுதான். பக்கத்து வீட்டிலும் அட்டை கேக்தான்!

'நாலு பேர் என்ன சொல்வாங்க?' இதுதானே நம் கல்யாண பட்ஜெட்டின் முதல் வரி? அந்த நாலு பேருக்கும் அதே 66 கூப்பன்தான் என்று ஆனபோது, அவர்கள் சொல்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை. செலவைக் குறைக்கவிடாமல் நம்மைத் தடுப்பது ஆசை இல்லை, பயம். நாம் மட்டும் தனியாகக் குறைத்தால் 'முடியலை போல' என்று ஆகிவிடுமே என்கிற பயம். எல்லோரும் சேர்ந்து குறைத்தால் அந்தப் பயத்துக்கு வேலையே இல்லை.

இதற்குச் சாட்சி அடுத்து நடந்ததுதான். 1949 மார்ச்சில் துணி ரேஷன் போனது. 1954 ஜூலையில் உணவு ரேஷனும் முழுசாகப் போனது. கேக் பழையபடி வளர ஆரம்பித்தது. 1981-ல் எலிசபெத்தின் மகன் சார்லஸுக்கும் டயானாவுக்கும் கல்யாணம் நடந்தபோது, மொத்தம் 27 கேக். மணப்பெண் கவுனின் வால் மட்டும் 25 அடி! அந்தக் கல்யாணம் 1996-ல் விவாகரத்தில் முடிந்தது. கூப்பன் கவுனில் நடந்த கல்யாணமோ, 2021-ல் பிலிப் கண்ணை மூடும்வரை 73 வருடம் நீடித்தது.

இதை வைத்து 'செலவு செய்தால் விவாகரத்து' என்று நான் சொல்லவில்லை. இரண்டு ஜோடியை வைத்து ஒரு விதியைச் சொல்ல முடியாது. ஆனால், அமெரிக்காவில் எமரி பல்கலைக்கழகப் பொருளாதாரப் பேராசிரியர்கள் இருவர், கல்யாணம் ஆன 3,000-க்கும் மேற்பட்டவர்களிடம் கேட்டு, 2014-ல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். செலவு அதிகமான கல்யாணங்கள் குறைந்த காலமே நீடிக்கும் போக்கு அதில் தெரிந்தது. அதைவிட சுவாரஸ்யம், வந்த கூட்டம் அதிகமாக இருந்த கல்யாணங்கள் அதிக காலம் நீடிக்கும் போக்கும் தெரிந்தது. ஒன்றால்தான் மற்றொன்று என்று ஆய்வு அடித்துச் சொல்லவில்லை. ஆனாலும் ஒரு குறிப்பு கிடைக்கிறதே: ஆளைக் குறைக்காதே, ஆடம்பரத்தைக் குறை!

சரி, இப்போது உங்கள் பட்டியலுக்கு வருவோம்.

முதலில், குடித்தனத்துக்கான தொகையைத் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். கட்டில், அலமாரிக் கணக்கு. அதில் யாரும் கை வைக்கக் கூடாது.

மிச்சம் இருப்பது எவ்வளவாக இருந்தாலும், அதை 66 ஆகப் பங்கு போடுங்கள். ஒரு பங்கு ஒரு கூப்பன். கையில் ஆறு லட்சத்து அறுபதாயிரம் இருந்தால் ஒரு கூப்பன் பத்தாயிரம். அவ்வளவுதான் கணக்கு. இப்போது மண்டபத்துக்கு எத்தனை கூப்பன், சாப்பாட்டுக்கு எத்தனை, புடவைக்கு எத்தனை, மேடைப் பூவுக்கு எத்தனை என்று எழுதுங்கள். 67-வது கூப்பன் கிடையாது. லோன் போட்டு அச்சடிக்கக் கூடாது; அது கள்ள நோட்டு. பூவுக்கு எட்டு என்று எழுதும்போதே, எதில் இருந்து அந்த எட்டு போகிறது என்று பேனா தானாகத் தயங்கும். எதைச் சின்னதாக்கியாவது வைத்துக்கொள்வது, எதை இரவல் வாங்குவது, எதை அட்டையாகவே நிறுத்திவிடுவது என்பதெல்லாம் அந்தத் தயக்கத்தில் இருந்து வரும்.

கடைசியாக ஒன்று. ஊரில் இருக்கிற நாலு பேரையும் கூப்பிட்டு நீங்கள் ஒப்பந்தம் போட முடியாது. ஆனால், நாலில் இரண்டு பேர் சம்பந்தி வீட்டார். அவர்களோடு போட முடியும். 'அவங்க என்ன நினைப்பாங்க' என்று நீங்களும், 'இவங்க என்ன நினைப்பாங்க' என்று அவர்களுமாகத்தானே ஏலம் ஏறிக்கொண்டே போகிறது? ஒரு சாயங்காலம் இரண்டு வீட்டாரும் ஒன்றாக உட்கார்ந்து, அந்த 66-ஐ ஒரே பேப்பரில் எழுதுங்கள். யாராவது ஒருவர் முதலில் வாயைத் திறக்க வேண்டும்.

அது நீங்களாகவே இருந்துவிட்டுப் போங்களேன். எதிர்ப்பக்கத்தில் இருந்து ஒரு நிம்மதிப் பெருமூச்சு கேட்டாலும் கேட்கும்.